எஞ்சின் பெட்டியடி: டீசல் எங்கே போகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான், டீசல் ஒழுகுகிறது. சோளகம் முடிந்து படகுகளை இழுத்துப் பார்க்கிற நேரம் என்பதாலோ என்னவோ எல்லோருக்கும் ஒன்றாகவே கண்ணில் பட்டிருக்கிறது. தண்ணீர் மோட்டர், ஜெனரேற்றர் பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அடுத்த இதழில்.

கேள்வி: எங்களிடம் 28 அடிப் படகு ஒன்று இருக்கிறது, உள்ளே பூட்டிய நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். மூன்று மாதமாக எஞ்சினுக்குக் கீழே டீசல் தேங்கி நிற்கிறது. முதல் வந்த மெக்கானிக் இன்ஜெக்டர் குழாய் நட்டுகள் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுப் போனார், நிற்கவில்லை. இரண்டாவது ஆள் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். தாங்கியை நிரப்பிய அடுத்த நாள் காலையில்தான் கூட ஒழுகியிருக்கும். இதைவிட இன்னொரு கரைச்சல், தாங்கியில் டீசல் பாதிக்குக் கீழே போனால் ஒழுக்கு இல்லை, ஆனால் காலையில் ஸ்டார்ட் எடுக்காது, கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினால்தான் எடுக்கும். எந்தப் பிழையை முதலில் பார்ப்பது? நாலு சொட்டுத்தானே என்று விடலாமா?
— மயிலிட்டி வாசகர்

பதில்: பம்பைக் கழற்ற வேண்டாம். கழற்றியிருந்தால் அனுப்ப வேண்டாம். உங்களுக்கு இருப்பது இரண்டு பிழை இல்லை, ஒன்றுதான், அது எங்கே இருக்கிறது என்பதையும் முக்கால்வாசி நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள்.

டீசல் போகிற பாதையை ஒருக்கால் மனதில் ஓட்டிப் பாருங்கள். தாங்கி, அதிலிருந்து வருகிற வால்வு, தண்ணீர் பிரிக்கிற பில்டர், பிறகு எஞ்சினில் பூட்டியிருக்கிற சின்ன பீட் பம்ப். இதுவரைக்கும் இழுக்கிற பக்கம். பீட் பம்புக்குப் பிறகு இரண்டாவது பில்டர், அதற்கப்பால் டீசலை அழுத்தி அனுப்புகிற இன்ஜெக்ஷன் பம்ப், அதிலிருந்து இரும்புக் குழாய் வழியாக, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர். இது தள்ளுகிற பக்கம். இன்ஜெக்டரில் மிஞ்சுகிற டீசல் மெல்லிய ரிட்டர்ன் லைனால் தாங்கிக்குத் திரும்பி வரும்.

தள்ளுகிற பக்கத்தில் வெடிப்போ தளர்வோ இருந்தால் எஞ்சின் ஓடும்போதுதான் ஒழுகும், நிறுத்தினால் அநேகமாக ஓய்ந்துவிடும். உங்களுக்கோ இரவு முழுக்க எஞ்சின் நிற்கும்போது ஒழுகுகிறது, அதுவும் தாங்கி நிறைந்திருந்தால் மட்டும். அப்படியென்றால் டீசலைத் தள்ளுவது பம்ப் இல்லை, தாங்கியில் நிற்கிற டீசலின் பாரம். தாங்கியும் எஞ்சினும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கிற படகுகளில் இது நடக்கும். ஓட்டை இருக்கிற இடத்துக்கு மேலே டீசல் மட்டம் நின்றால் டீசல் வெளியே வரும். மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் அதே ஓட்டையால் காற்று உள்ளே போகும், குழாயில் நிற்கிற டீசல் மெல்லத் தாங்கிக்கு இறங்கிவிடும், காலையில் நீங்கள் சாவியைத் திருப்பும்போது பம்புக்குக் கிடைப்பது காற்று. ஒழுக்கு நின்றுவிட்டது என்று நீங்கள் சந்தோஷப்பட்ட நாட்களிலும் ஓட்டை அப்படியே இருந்திருக்கிறது.

ஆகவே தேட வேண்டியது தாங்கிக்கும் பீட் பம்புக்கும் இடையில், தாங்கியின் பாதி உயரத்துக்கு நேராக இருக்கிற மூட்டு. ஒரு தடியைக் குறுக்கே பிடித்து, தாங்கியின் பாதி மட்டம் எஞ்சின் பக்கம் எங்கே வருகிறது என்று பாருங்கள், நான் நினைக்கிறது சரியென்றால் தண்ணீர் பிரிக்கிற பில்டரின் தலைப்பகுதிக்கு வந்து நிற்கும். அங்கேதான் ஓ-ரிங் இருக்கிறது, நடுவில் துளை உள்ள பாஞ்சோ போல்ட்டும் செப்பு வொஷரும் இருக்கிறது, சிலவற்றில் கைப்பம்பும் அதிலேயே இருக்கும். போன தடவை பில்டர் மாற்றினது எப்போது என்று நீங்கள் எழுதவில்லை, மூன்று மாதத்துக்கு முன்பு என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பழைய ஓ-ரிங் மேலே ஒட்டிக்கொண்டு நிற்க, அதைப் பார்க்காமல் புதியதையும் போட்டு இறுக்கிவிடுகிறது எல்லோரும் செய்கிற பிழைதான். இரண்டு ரிங் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி எங்கேயாவது ஒரு மூலையில் வாய் திறந்திருக்கும்.

ஊகம் இருக்கட்டும், உறுதிப்படுத்துகிற முறையைச் சொல்கிறேன். முதலில் துடையுங்கள், சும்மா இல்லை, பழஞ்சீலையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தோய்த்துத் துடைத்து, பிறகு சவர்க்காரத் தண்ணீர், பிறகு நன்றாகக் காய விடுங்கள். அழுக்கு எஞ்சினில் ஒழுக்குத் தேடுவது இருட்டில் கறுப்புப் பூனை பிடிக்கிற வேலை. காய்ந்த பிறகு ஒவ்வொரு மூட்டிலும் முகத்துக்குப் போடுகிற பவுடரை மெல்லிசாகத் தூவிவிடுங்கள் அல்லது ரிசுக் கடதாசியை ஒரு சுற்றுச் சுற்றி நூலால் கட்டுங்கள். தாங்கியை நிரப்புங்கள். எஞ்சினைத் தொட வேண்டாம். காலையில் ரோச் லைற் எடுத்துக்கொண்டு போய் மேலே இருந்து கீழே பாருங்கள். எந்தப் பவுடர் முதலில் கறுத்திருக்கிறதோ அதுதான் ஆள், அதற்குக் கீழே ஈரமாக இருப்பதெல்லாம் அதிலிருந்து ஓடி வந்தது.

மேலே இருந்து கீழே என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, நான் பட்ட பாடு. பல வருடத்துக்கு முன்பு ஒரு படகில் ஸ்டார்ட்டர் மோட்டருக்கு அடியிலிருந்து டீசல் சொட்டியது. நானும் பின்பக்கத்தில் இருந்த ரிட்டர்ன் ஹோஸ், கிளிப், பில்டர் என்று இரண்டு நாள் மாற்றித் தள்ளினேன், சொட்டு அசையவில்லை. மூன்றாம் நாள் படகுக்காரரின் பெடியன், பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும், மேலே குந்திக்கொண்டு, மாமா இங்கே பளபளக்குது என்று முன்பக்கத்தைக் காட்டினான். முதலாம் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயில் மயிர் அளவு வெடிப்பு. அங்கே வந்த டீசல் எஞ்சின் பக்கவாட்டில் இருக்கிற விளிம்பைப் பிடித்துக்கொண்டே பின்னுக்கு ஓடி, ஸ்டார்ட்டருக்கு மேலே வந்து இறங்கியிருக்கிறது. படகில் எஞ்சின் சமமாக இருக்காது, சாஃப்ட் தண்ணீருக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகப் பின்பக்கம் சாய்த்துத்தான் பூட்டியிருப்பார்கள். முன்னே கசிந்தாலும் பின்னேதான் சொட்டும். லொறி எஞ்சினில் பழகின கைக்கு இது உடனே பிடிபடாது, எனக்கும் பிடிபடவில்லை. அந்தப் பெடியனுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன், கூலியை முழுதாக வாங்க மனம் வரவில்லை.

பவுடரிலும் பிடிபடவில்லை என்றால் இன்னொரு வழி. ஒரு கானில் டீசல் எடுத்து, தாங்கி லைனைக் கழற்றிவிட்டு, அந்தக் கானிலிருந்து நேராக பீட் பம்புக்கு ஒரு ஹோஸ் கொடுங்கள். கானை எஞ்சினுக்குக் கீழே வையுங்கள். இரவு அப்படியே விட்டு, காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் எடுத்தால் பிழை நீங்கள் கழற்றி வைத்த பக்கம். எடுக்காவிட்டால் பீட் பம்பையும் அதற்கு அப்பாலும் பார்க்க வேண்டும். அந்த ஹோஸைக் கண்ணாடி போலத் தெரிகிறதாக வாங்கினால் காற்றுக் குமிழி ஓடுவதையும் பார்க்கலாம், ஆனால் சோதனை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அந்த மலிவு ரியூப் டீசலில் கிடந்து விறைத்து வெடிக்கும், எஞ்சின் சூட்டுக்கும் தாங்காது.

சந்தேகமான லைனை இரண்டு பக்கமும் கழற்றி ஒரு முனையை அடைத்து, சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்து, சவர்க்கார நுரை பூசிப் பார்ப்பதும் நல்லது, ரியூப் ஓட்டை பார்க்கிற மாதிரித்தான். கொம்பிரசரைக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். தாங்கியோடு சேர்த்து அடித்தால் தாங்கியின் பொருத்துத்தான் முதலில் பிரியும்.

முதல் மெக்கானிக் இறுக்கிய நட்டுகள் பற்றியும் ஒரு சொல். இன்ஜெக்டர் குழாயின் நுனி கூம்பாக இருக்கும், அது இரும்போடு இரும்பு உட்கார்ந்துதான் அடைக்கிறது. அளவாக இறுக்கினால் அடைக்கும், அளவுக்கு மிஞ்சினால் கூம்பு நசுங்கி, இல்லாத ஒழுக்கும் வரும். குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கிற சின்னக் கிளிப்புகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கழற்றுகிற ஆட்கள் அதைத் திருப்பிப் போட மறந்துவிடுவார்கள், மறந்தால் குழாய் அதிர்ந்து அதிர்ந்து சில மாதத்தில் நட்டுக்குக் கிட்ட வெடிக்கும். அது நிச்சயமாக ஓடும்போது பீய்ச்சும். கையை வைத்துப் பார்க்காதீர்கள், அடுத்த கடிதத்தைப் படியுங்கள்.

நாலு சொட்டுத்தானே என்று விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கணக்குப் பார்ப்போம். 20 சொட்டு ஒரு மில்லிலீற்றர் என்று வைத்தால், செக்கனுக்கு ஒரு சொட்டு என்பது மணிக்கு 180 மில்லிலீற்றர், ஒரு நாளுக்கு 4 லீற்றருக்கு மேல். 2022 ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனதே, அந்த விலைக்கு ஒரு நாளுக்கு 2000 ரூபாய் வரை கடலுக்கு ஊற்றியிருப்பீர்கள்.

கேள்வி: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அண்ணை குழாயடியில் ஒழுக்குத் தேடினார். விரல் நுனியில் ஊசி குத்தின மாதிரி ஒரு சின்னப் புள்ளி. இரத்தமும் இல்லை, பெரிதாக நோவும் இல்லை, தேங்காய் எண்ணெய் பூசிவிட்டு அடுத்த நாள் கடலுக்குப் போகப் பார்க்கிறார். விடலாமா?
— பருத்தித்துறை வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் பார்த்த உடனேயே தொலைபேசியில் சொல்லிவிட்டேன், இங்கே போடுவது மற்றவர்களுக்காக. நோவு இல்லை என்பதால்தான் இது பொல்லாதது.

கார் ரயரில் காற்று 2 பார் அளவில் இருக்கும். இப்படிப் பழைய மாதிரி எஞ்சின்களில் இன்ஜெக்டர் திறக்கிற அழுத்தம் சாதாரணமாக 120 இலிருந்து 250 பார் வரை, புதிய கொமன் ரெயில் எஞ்சின்களில் 1000 பாருக்கும் மேலே போகும். அந்த வேகத்தில் மயிர் அளவு துவாரத்தால் வருகிற டீசலுக்குத் தோல் ஒரு தடையே இல்லை. வெளியே புள்ளி, உள்ளே விரலின் நரம்பு, தசைநார் வழியாக டீசல் உள்ளங்கை வரைக்கும் ஓடியிருக்கலாம். முதல் சில மணித்தியாலம் பேசாமல் இருக்கும், பிறகு வீங்கும், விறைக்கும், கறுக்கும். பிந்தினால் விரலை எடுக்க வேண்டி வரும், சில வேளை கையையே.

உடனே ஆஸ்பத்திரி. போதனா வைத்தியசாலை மாதிரி சத்திரசிகிச்சை செய்யக்கூடிய இடமாகப் போங்கள், பக்கத்துக் கடையில் மருந்து கட்டுகிற விஷயம் இல்லை. போன இடத்தில் "கையில் காயம்" என்று சொல்லாதீர்கள், வரிசையில் கடைசியில் இருத்திவிடுவார்கள். "அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் போயிருக்கிறது, இத்தனை மணிக்கு" என்று அப்படியே சொல்லுங்கள். அமத்திப் பிதுக்கக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, சாப்பாடு தண்ணீரும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம்.

ஓடுகிற எஞ்சினில் அழுத்தப் பக்கத்து ஒழுக்கைத் தேடுவதற்குத் தடித்த மட்டைத் துண்டு ஒன்று போதும், பிஸ்கற் பெட்டி மட்டை. நீளமாக வெட்டி, எட்டத்தில் நின்று குழாய்க்கு முன்னால் நகர்த்துங்கள், பீய்ச்சுகிற இடத்தில் மட்டையில் ஈரக்கோடு விழும். கண்ணுக்கும் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்திய பிறகுதான் ஸ்பானர். அண்ணையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: மற்றவர்களுக்கு ஒயில் குறைகிறது என்று கவலை, எனக்கு டிப் ஸ்டிக்கில் ஒயில் கூடிக்கொண்டு வருகிறது! ஊற்றாமலே கூடுகிறது. இது நல்லதா கெட்டதா?
— குருநகர் வாசகர்

பதில்: வீட்டில் அரிசி தானாகக் கூடினால் சந்தோஷப்படலாம். எஞ்சினில் ஒயில் கூடினால் நிறுத்திவிட்டு எனக்கு எழுதியிருக்க வேண்டும், நீங்கள் ஓடிக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

உங்களுடையதும் டீசல் ஒழுக்குத்தான், வெளியே தெரியாத ஒழுக்கு, உள்ளுக்குள் விழுகிறது. முதலில் அது டீசலா தண்ணீரா என்று பாருங்கள். தண்ணீர் என்றால் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வரும், அது வேறு கதை. டீசல் என்றால் நிறம் மாறாது, ஆனால் தண்ணியாக ஓடும், மணக்கும். டிப் ஸ்டிக்கால் ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டு அரை மணித்தியாலம் வையுங்கள். நல்ல ஒயில் நடுவில் கறுப்பாகக் கிடக்கும். டீசல் கலந்திருந்தால் அந்தக் கறுப்பைச் சுற்றி வெளிறின எண்ணெய் வளையம் ஒன்று அகலமாகப் பரவும். பக்கத்தில் புதிய ஒயில் சொட்டு ஒன்றும் விட்டுப் பாருங்கள், வித்தியாசம் விளங்கும்.

வழிகள் மூன்று. ரப்பர் டயபிரம் உள்ள பீட் பம்ப் என்றால் முதல் சந்தேகம் அதில்தான், டயபிரம் கிழிந்தால் டீசல் நேராக ஒயிலுக்குள் விழும். சில பம்புகளில் கீழே ஒரு சின்னத் துவாரம் விட்டிருப்பார்கள், கிழிந்தால் அதால் வெளியே சொட்டி உங்களுக்குச் சொல்லட்டும் என்று. அந்தத் துவாரம் சொட்டுகிறது என்று அதற்கு ஆப்பு அடித்து அடைத்த ஒருவரை எனக்குத் தெரியும், ஒயில் கூடியது, ஒரு மாதத்தில் பெயாரிங் போனது. இரண்டாவது, இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் லைன் எஞ்சினின் தலையில் இருக்கிற ரொக்கர் மூடிக்கு உள்ளால் போகிற எஞ்சின்கள் இருக்கின்றன, மூடியைக் கழற்றிப் பார்த்தால் அந்த மூட்டு ஈரமாக இருக்கும். மூன்றாவது, இன்ஜெக்ஷன் பம்பின் சாஃப்ட் சீல், இதற்குத்தான் பம்ப் கழற்ற வேண்டும். மலிவானதிலிருந்து தொடங்குங்கள், பீட் பம்ப் மாற்ற ஒரு காலை நேரம் போதும்.

திருத்தும் வரைக்கும் ஓட வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணம். டீசல் கலந்த ஒயிலுக்குப் பிசுபிசுப்பு இல்லை, பெயாரிங்கைத் தூக்கிப் பிடிக்காது. மற்றது, மட்டம் கூடிக் கூடி ஒரு நாள் அந்தக் கலவை எஞ்சினின் மூச்சுக்குழாயான பிரீதர் வழியாகக் காற்றோடு சிலிண்டருக்குப் போனால் எஞ்சின் தன்னுடைய ஒயிலையே எரித்துக்கொண்டு ஓடத் தொடங்கும். அப்போது டீசலை நிறுத்தினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். அதை நிறுத்த ஒரே வழி காற்றை அடைப்பது, காற்று எடுக்கிற வாயில் ஒரு பலகைத் துண்டை வைத்து அமத்துங்கள். கையால் பொத்தக் கூடாது. கிட்டப் போக முடியாத மாதிரி அலறினால் ஆட்களோடு எட்டத்துக்குப் போங்கள், எஞ்சின் போனால் போகட்டும். திருத்திய பிறகு ஒயிலையும் ஒயில் பில்டரையும் மாற்றாமல் ஸ்டார்ட் எடுக்க வேண்டாம்.

கேள்வி: ஒழுகுகிற நட்டுக்கு வெள்ளை நூல் ரேப் சுற்றினேன், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிறதுதான். இரண்டு கிழமை நின்றது, இப்போது எஞ்சின் இழுக்குதில்லை. தொடர்பு இருக்குமா?
— காரைநகர் வாசகர்

பதில்: இருக்கும். தண்ணீர்க் குழாயில் புரிதான் அடைக்கிறது, அதனால் ரேப் உதவும். டீசல் லைனில் கூம்பு நுனியோ செப்பு வொஷரோதான் அடைக்கிறது, புரி இறுக்குவதற்கு மட்டும். அங்கே ரேப் சுற்றினால் அடைக்கிறதற்குப் பதிலாக நூல் நூலாகப் பிய்ந்து உள்ளே போகும். பில்டருக்கு முன்னால் என்றால் பில்டரில் போய்ச் சேரும், எஞ்சின் டீசலுக்கு ஏங்கும், அதுதான் உங்களுக்கு நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பில்டருக்குப் பின்னால் என்றால் இன்ஜெக்ஷன் பம்புக்குள்ளேயே போகும், அங்கே உள்ள இடைவெளி மயிரிலும் பல மடங்கு மெல்லியது. சிலிக்கன் பசையும் இதே ரகம்தான், கிழமைக் கணக்கில் டீசலில் ஊறிக் கழன்று வரும்.

எல்லாவற்றையும் கழற்றி, ரேப் துணுக்கு ஒன்றும் மிஞ்சாமல் துடைத்து, பில்டர் மாற்றி, காற்றெடுங்கள். காற்றெடுப்பது தாங்கிப் பக்கத்திலிருந்து எஞ்சின் பக்கமாக. முதலில் பில்டர் தலையில் இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்ப் அடித்துக் குமிழி நின்றதும் இறுக்கி, பிறகு இன்ஜெக்ஷன் பம்பில் இருக்கிற ஸ்க்ரூ, அப்படியும் எடுக்காவிட்டால் இன்ஜெக்டர் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள், டீசல் வரத் தொடங்கியதும் இறுக்குங்கள். தளர்த்தின நட்டுக்கு முன்னால் முகத்தை நீட்ட வேண்டாம், ஏன் என்று மேலே சொல்லியாகிவிட்டது. ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் சுழற்றாதீர்கள், 10 செக்கன் சுழற்றி, ஆற விட்டு, திரும்ப. எஞ்சின் பற்றாமல் நெடுக ஸ்டார்ட்டர் அடித்தால் கடல் தண்ணீர் பம்ப் தள்ளுகிற தண்ணீர் புகைக்குழாயில் தேங்கி எஞ்சினுக்குள் திரும்பி வரும், அதனால் கடல் தண்ணீரை உள்ளெடுக்கிற வால்வைப் பூட்டிவிட்டுச் செய்வது புத்தி. பற்றியதும் திறக்க மறக்க வேண்டாம்!

கேள்வி: அவுட்போட் மோட்டருக்கும் உங்கள் பகுதியில் இடம் உண்டா? 15 குதிரைவலு, பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடுகிறது. ஹோஸில் இருக்கிற ரப்பர்ப் பந்தை எவ்வளவு அமத்தினாலும் இறுகுதில்லை.
— வல்வெட்டித்துறை வாசகர்

பதில்: உண்டு. மயிலிட்டிக்காரருக்குச் சொன்ன அதே காற்றுத்தான். கானிலிருந்து பந்து வரைக்கும் எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது பந்துக்குள் இருக்கிற வால்வு தேய்ந்துவிட்டது. கானில் பூட்டுகிற கொழுவியின் ஓ-ரிங்கை முதலில் பாருங்கள். பந்து இறுகி, பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்தால் பிழை மோட்டர்ப் பக்கம். ஒன்று மட்டும், மண்ணெண்ணெயும் டீசலும் ஒழுகினால் சட்டென்று பற்றாது, பெற்றோல் அப்படியில்லை, சாதாரண வெயிலிலேயே ஆவி எழும்பும். சுருட்டோடு குனிந்து பார்க்கிற ஆட்களை வள்ளத்தை விட்டு இறக்கிவிட்டுத் தேடுங்கள்.

கேள்வி: படகுக்குள் அடித்தண்ணீரில் டீசல் மிதக்கிறது. சலவைத் தூள் போட்டுக் கலக்கி இறைத்தால் நிறம் தெரியாமல் போய்விடும் என்று சொல்கிறார்கள். செய்யலாமா?
— பாசையூர் வாசகர்

பதில்: நிறம் தெரியாமல் போகும், டீசல் போகாது. மேலே மிதக்கிறதைத் துகள் துகளாக்கித் தண்ணீருக்குள் இறக்குகிறீர்கள், அவ்வளவுதான். எங்கள் பக்கத்துக் களக்கடல் ஆழமில்லாதது, சில இடத்தில் முழங்கால் அளவு. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் கிடக்கிற தண்ணீர் அது, நாளைக்கு அதையே களங்கட்டிப் பிடிக்கப் போகிறதும் நாங்கள்தான். ஆழக்கடலில் ஓடுகிற பெரிய கப்பல்கள்கூட வெளியே விடுகிற தண்ணீரில் எண்ணெய் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேசச் சட்டம்.

தும்புத்தூளை ஒரு பழைய நைலெக்ஸ் வலைப் பைக்குள் அடைத்து மேலே மிதக்க விடுங்கள், தூள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், டீசலை இழுத்துக்கொள்ளும். பையைக் கரைக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினுக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைத்தால் ஒழுகுகிறது தண்ணீரில் கலக்க முன்னரே பிடிபடும், எவ்வளவு ஒழுகுகிறது என்றும் அளக்கலாம். தானாக இறைக்கிற மின்பம்ப் இருந்தால் கரையில் கட்டியிருக்கும்போது அதைக் கவனியுங்கள், நீங்கள் வீட்டில் நித்திரை கொள்ளும்போது அது டீசலைக் கடலுக்கு இறைத்துக்கொண்டிருக்கும், காலையில் வந்து பார்த்தால் அடித்தண்ணீரும் இல்லை, ஒழுக்குக்கு அடையாளமும் இல்லை.

கேள்வி: குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும்போது படகில் டீசல் மணம் வந்தது. பயப்பட வேண்டுமா?
— ஒரு பயணி

பதில்: புகை மணம் என்றால் காற்று உங்கள் பக்கம் அடித்திருக்கும். பச்சை டீசல் மணம் என்றால் ஓட்டுகிறவரிடம் மெல்லச் சொல்லுங்கள், அவர் மூக்கு அதற்குப் பழகிப்போயிருக்கும். தீப்பிடிக்கிற அபாயம் சொட்டுகிறதில் இல்லை, சூடான புகைக்குழாயில் தூவானமாகப் படுகிறதில்தான். உயிர்காப்பு அங்கியைக் கையில் வைத்திருக்காமல் போட்டுக்கொண்டு இருங்கள், அது எந்த மணம் வந்தாலும் வராவிட்டாலும்.

கேள்வி: செப்பு வொஷரைச் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம் என்று எங்கள் அப்பு சொல்வார். சூடாக்கித் தண்ணீரில் போடுவதா, ஆற விடுவதா என்று வீட்டில் வாக்குவாதம்.
— அரியாலை வாசகர்

பதில்: அப்பு சொன்னது சரி. ஒருமுறை இறுக்கின செப்பு விறைத்துவிடும், திரும்பப் போட்டால் நசுங்கிக் கொடுக்காது, ஒழுகும். அடுப்பிலோ காஸ் சுவாலையிலோ மங்கல் சிவப்பாக வரும் வரைக்கும் காட்டினால் திரும்ப மென்மையாகிவிடும். பிறகு தண்ணீரில் போட்டாலும் சரி, ஆற விட்டாலும் சரி, செப்புக்கு இரண்டும் ஒன்றுதான், தண்ணீரில் போட்டு விறைக்க வைக்கிற கதை உருக்குக்கு. தண்ணீரில் போட்டால் மேலே இருக்கிற கறுப்புச் செதில் கழன்று போகும் என்ற ஒரு வசதி உண்டு. மிச்சச் செதிலை மெல்லிய மட்டத்தாளில் வட்டமாகத் தேய்த்து, கோடு கீறல் இல்லை என்று பார்த்துப் போடுங்கள். விளிம்பு மெலிந்திருந்தால் எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள், வாக்குவாதத்தில் யார் எந்தப் பக்கம் என்று எழுதாமல் விட்டதற்கு நன்றி.